ஜப்பானிய மொழியில் ஒரு கால்பந்து

பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்து ஒன்றைக் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள். 12 கறுப்பு ஐங்கோணங்கள், 20 வெள்ளை அறுகோணங்கள். தையல்கள் சந்திக்கும் முனைகள் 60. ஒவ்வொரு முனையிலும் ஒரு கார்பன் அணுவை வைத்தால் சி60 மூலக்கூறு கிடைத்துவிடும். ஃபுல்லரீன் குடும்பத்திலேயே பேர்போன பிள்ளை அதுதான்.

அறுகோணங்களை மட்டும் அடுக்கினால் தரை ஓடு மாதிரி தட்டையாகவே போகும். பென்சிலில் இருக்கிற கிராஃபைட் அடுக்கு அப்படித்தான். நடுவில் ஐங்கோணம் நுழைந்தால் தளம் வளையும். அறுகோணம் எத்தனை இருந்தாலும், கூடு மூடிக்கொள்ள ஐங்கோணம் சரியாக 12 வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பாடப்புத்தகங்களில் கதை 1985ல், ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கும். க்ரோட்டோ, கர்ல், ஸ்மாலி மூவரும் மாணவர்களோடு சேர்ந்து கிராஃபைட்டை லேசரால் ஆவியாக்கினார்கள். நிறைமாலையில் 720ல் ஒரு முகடு உயர்ந்து நின்றது. கார்பனின் நிறை 12. வகுத்தால் 60 அணுக்கள். என்ன வடிவம்? ஸ்மாலி ராத்திரி வீட்டில் உட்கார்ந்து காகிதம் வெட்டி ஒட்டினார். வெறும் அறுகோணங்கள் மூடவில்லை. ஐங்கோணங்களைச் சேர்த்ததும் பந்து மூடிக்கொண்டது. 1996ல் மூவருக்கும் நோபல்.

ஆனால் அந்தப் பந்து 15 வருஷம் முன்னாடியே காகிதத்தில் இருந்தது. கொரானுலீன் என்ற மூலக்கூறில் ஓர் ஐங்கோணத்தைச் சுற்றி ஐந்து அறுகோணங்கள் உண்டு. அது கால்பந்தின் ஒரு துண்டுதானே என்று ஜப்பானில் எய்ஜி ஒசாவாவுக்குத் தோன்றியது. அப்படியானால் முழுப் பந்தும் இருக்கலாமே? 1970ல் ‘ககாகு’ இதழில், ஜப்பானிய மொழியில் எழுதினார். 1973ல் சோவியத்தில் பொச்வாரும் கால்பெர்னும் அதே மூலக்கூறுக்குக் கணக்குப் போட்டு ரஷ்ய மொழியில் வெளியிட்டார்கள். ரைஸ் குழுவுக்கு இரண்டுமே தெரியாது.

பகலில் இங்கிலீஷில் கோட் எழுதிவிட்டு இரவில் தமிழில் கட்டுரை எழுதுகிறவன் நான். “இதையெல்லாம் தமிழ்ல எழுதி யாருடா படிக்கப் போறா?” என்று நண்பர்கள் கேட்கும்போது ஒசாவாதான் ஞாபகத்துக்கு வருவார்.

அவரிடம் யோசனை இருந்தது, மூலக்கூறு இல்லை. கண்டு காட்டியவர்களுக்குப் பரிசு போனதில் எனக்குப் புகார் கிடையாது. ஆனால் மனசோடு வைத்துக்கொள்ளாமல், தெரிந்த மொழியில் எழுதி வைத்தார். அதனால்தான் க்ரோட்டோவின் நோபல் உரையில் ஒசாவாவின் பெயரும் இருக்கிறது.