நேரவரிசையும் உழைப்பின் நினைவும்

பெருநிறுவனக் கணனிகளிற் பின்னணிப் பணிகளை நேரவரிசைப்படுத்தல் தொழினுட்ப நுணுக்கமாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. நாம் அதனை உழைப்பின் வரலாறாக நோக்க விழைகின்றோம்.

தொடக்கத்தில், ஒரு பணி முடிந்ததும் அடுத்ததனைப் பொறியில் இட்டவர் இயக்குநரே. 1956இல் ஜெனரல் மோட்டோர்ஸ், நோத் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனங்கள் ஐ.பி.எம். 704 கணனிக்கென ஆக்கிய முறைமை, பணிகளைத் தானே தொடர்ச்சியாக நடத்தியது. விலைமிக்க பொறி வாளாவிருத்தலாகாது என்ற மூலதனத்தின் தேவையே இதனைத் தோற்றுவித்தது. 1964இல் அறிவிக்கப்பட்ட ஓ.எஸ்./360இன் பணிக்கட்டுப்பாட்டு மொழி ஏவல்களை எழுத்தாக்கியது. பின்வந்த நேரவரிசை மென்பொருள்கள், எப்பணி எப்பொழுது, எதன்பின் என்பதையும் தம்முள் அடக்கின.

ஆயின், ‘ஏன் இவ்வொழுங்கு’, ‘பிழைப்பின் யாது செய்வது’ என்னும் அறிவு தொழிலாளரிடமே எஞ்சியது. அவ்வறிவின் பெறுமதியை 2012 ஜூன் உணர்த்திற்று. றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்து குழுமத்தில், மேம்படுத்திய நேரவரிசை மென்பொருள் இடர்ப்படவே, விளைவைச் சோதியாது அதனை அகற்றினர். பழைய பதிப்போடு அது பொருந்தவில்லை. 65 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர் பாதிப்புற்றனர். 2014இல் 5 கோடி 60 இலட்சம் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது.

பணியின் நோக்கம், முன்பின் தொடர்பு, பொறுப்பாளர், மீளும்வழி ஆகியவற்றைப் பதியும் ஆவணம் கூட்டுழைப்பின் நினைவாகும். அதனை எழுதும் நேரமும் உழைப்புநேரமே. அதற்குக் கூலி மறுக்கும் நிர்வாகம் தன் நினைவையே இழக்கின்றது.