ஆம்பிஷன்: ஓட்டுக் கேட்டு அலைந்த சொல்

போன வாரம் ஓ.பி.யில் காய்ச்சலோடு வந்த ஏழாம் வகுப்புப் பையன். ஊசிக்குப் பயந்து நின்றான். பேச்சு கொடுக்கலாமேன்னு "உன் ஆம்பிஷன் என்னப்பா?" என்று கேட்டேன். அம்மா முகத்தைப் பார்த்துக்கொண்டே "டாக்டர்" என்றான்.

அந்தப் பார்வையில்தான் இந்தச் சொல்லின் கதையே இருக்கு. கொஞ்சம் பொறுமையா படிங்க.

லத்தீனில் 'ஆம்பி' என்றால் சுற்றி, 'ஈரே' என்றால் போவது. ரெண்டும் சேர்ந்து 'ஆம்பிரே', சுற்றி வருவது. நாங்க காலையில் வார்டு ரவுண்ட்ஸ் போறோமே, அந்த மாதிரி. ஆனால் பழைய ரோமில் சுற்றி வந்தவர்கள் வேட்பாளர்கள். கான்சல் பதவி வருஷத்துக்கு ரெண்டு பேருக்குத்தான். அதற்காகச் சந்தையிலும் பொதுச் சதுக்கத்திலும் அலைந்து, எதிரே வருபவர் கையைப் பிடித்து ஓட்டுக் கேட்கணும். பேர் தெரியலைன்னா? காதில் பேரைச் சொல்லிக் கொடுக்கவே கூட ஒரு அடிமை வருவான். இப்படி அலைவதற்குப் பேர்தான் 'ஆம்பிதியோ'. மனசுக்குள் பொத்தி வைத்த கனவுக்கு வைத்த பேர் இல்லை. அடுத்தவர் ஆதரவைக் கேட்டு நடந்த நடைக்கு வைத்த பேர்.

அவர்கள் உடுத்திய டோகாவைச் சுண்ணம் தேய்த்துப் பளீரென்று வெளுப்பாக்குவார்கள். லத்தீனில் 'காண்டிதுஸ்' என்றால் பளிச்சென்ற வெள்ளை. 'கேண்டிடேட்' அதிலிருந்து வந்ததுதான். கைக்குழந்தை நாக்கில் தயிர் ஒட்டின மாதிரி வெள்ளை படியுமே, அந்தப் பூஞ்சைக்குக் 'கேண்டிடா' என்று பேர். வேட்பாளரும் அதுவும் சொந்தக்காரங்க! (சொல் அளவில் மட்டும். அரசு ஊழியன், வம்பு வேண்டாம்.)

நடை மட்டும் போதுமா? விருந்து, பணம், இலவச கிளாடியேட்டர் சண்டை எல்லாம் வந்தது. இதற்கு 'ஆம்பிதுஸ்' என்று பேர், தண்டனைக்குரிய குற்றம். அதே வேரில் முளைத்த சொல், பாருங்க. கி.மு. 63இல் கான்சலாக இருந்த சிசரோ சட்டத்தைக் கடுமையாக்கி, தண்டனையாகப் பத்து வருஷ நாடுகடத்தலைச் சேர்த்தார். அதே வருஷம் முரேனா என்பவர் இந்தக் குற்றத்தில் மாட்டினார். அவருக்காக வாதாடி விடுதலை வாங்கித் தந்தது யார் தெரியுமா? அதே சிசரோ! நாட்டுக்கு ஆபத்தான நேரம், கான்சல் பதவி காலியாகக் கூடாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

பிரெஞ்சு வழியாகச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் கெட்ட வாடை போகலை. பட்டம் பதவிக்கான அளவு மீறிய வெறி என்றே அர்த்தம். 1599 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதிய ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசரைக் கொன்றதற்கு புரூட்டஸ் சொல்லும் காரணம் இந்த ஆம்பிஷன்தான். ஒருவனைக் கொல்லப் போதுமான குற்றச்சாட்டாக இருந்த சொல், பின்னாடி மெல்ல மெல்ல நல்ல பேர் வாங்கி, இன்னிக்கு ஸ்கூல் ஆண்டு மலரில் குழந்தைகளின் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்திருக்கு.

அந்தப் பையனுக்குச் சாதாரண வைரல் காய்ச்சல்தான், சரியாகிவிடும். அவன் வயசில் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன். யார் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்பதும் நல்லாவே ஞாபகம் இருக்கு.