பூசை மொழியும் பெங்களூர்த் தமிழரும்

பெங்களூர் சிவாஜிநகரிலுள்ள தூய மரியன்னை ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1882இல் முற்றுப்பெற்றது. அதற்கு நெடுங்காலம் முன்னரே, செஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழ்க் கிறித்தவர்கள் காணிக்கை மாதாவுக்கு அவ்விடத்தில் கூரைக் கோயில் ஒன்று எழுப்பினர் என்பது ஊர் வழக்கு. 1809இல் ஆங்கிலேயரின் தண்டு அமைந்தபின் தமிழர் மேலும் பெருகினர்.

அந்நாளில் பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. தமிழருக்கும் கன்னடியருக்கும் கொங்கணியருக்கும் அது ஒரே அளவில் விளங்காத மொழி. ஆகவே அதன்பொருட்டுப் பூசலும் இல்லை! 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்கள் மொழிகளுக்கு இடமளித்தது. எந்த மக்களின் மொழி என்ற வினா உடனே பிறந்தது. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்துவிட்டதே, தலைநகரின் கோயில்களில் கன்னடம் ஒலிக்க வேண்டாமா என்றனர் கன்னடக் கத்தோலிக்கர். தம் நாட்டிலேயே தம் மொழி பின்னிருக்கையில் அமர்வதா என்ற அவர்தம் மனத்தாங்கலைத் தமிழராகிய நாம் எளிதில் தள்ளிவிட இயலாது. நம்மவரோ, முன்னோர் எழுப்பிய கோயிலில் தமிழ் ஏன் ஒதுங்க வேண்டும் என்று கேட்டனர், அதுவும் பொய்யன்று. பேராயர் எம்மொழியினர் என்பதுகூட வழக்காயிற்று. பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கோரிய கோகாக் கிளர்ச்சி 1982இல் மாநிலமெங்கும் பரவியது. அதன்பின் கோயிலுக்குள் நிகழ்ந்த மொழி வழக்கையும் வெளியே நிகழ்ந்ததையும் பிரித்துக் காண்பது அரிதாயிற்று.

இன்று அவ்வாலயத்தில் தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் தனித்தனி நேரங்களில் பூசை நடைபெறுகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் தேர்த் திருவிழாவுக்கோ, காவியுடுத்த அடியாரும் பிற சமயத்தாரும் மெழுகுவத்தி ஏந்தி ஒரே வாயிலில் திரள்கின்றனர்.