விழிக்க மறுக்கும் வன்தட்டு

பழைய கணிப்பொறி ஒன்றின் பொத்தானை அழுத்துகிறீர்கள். விசிறி சுழல்கிறது, திரை ஒளிர்கிறது. ஆனால் வழக்கமான படம் வரவில்லை. கரிய திரையில் 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற ஒரு வரி மட்டும் நிற்கிறது. "ஹார்ட் டிஸ்க் போய்விட்டது" என்று அருகிலிருப்பவர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்.

இது அவசரத் தீர்ப்பு. கணிப்பொறி எழவில்லை என்பது வேறு. தட்டில் உள்ள செய்திகள் அழிந்துவிட்டன என்பது வேறு. இந்த வேறுபாடு விளங்க வேண்டுமானால் வன்தட்டின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு டன் எடையுள்ள நினைவு

1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் பொறியை வெளியிட்டது. அதன் நினைவகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 காந்தத் தட்டுகள் ஓர் அச்சில் சுழன்றன. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தப் பெட்டி கொண்டது 50 லட்சம் எழுத்துகளே! 1973இல் அதே நிறுவனம் தட்டையும், அதைப் படிக்கும் தலையையும் ஒரே மூடிய உறைக்குள் வைத்தது. 'வின்செஸ்டர்' எனப் பெயர் பெற்ற அந்த அமைப்பின் வழிவந்தவையே நம் மேசைக் கணிப்பொறிகளின் வன்தட்டுகள்.

அதே 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. இங்கிருந்த அதன் பொறிகளைப் பேணும் பொறுப்பை சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. செய்தவரே போய்விட்ட பொறியை நோய் அறிந்து சீர்செய்யும் வேலை நம் பொறியாளர்களின் கைக்கு வந்தது.

யார் எழுப்புவது?

மின்சாரம் வந்தவுடன் கணிப்பொறிக்கு ஒன்றும் தெரியாது. இயக்க அமைப்பைத் தட்டிலிருந்து எடுத்துவர ஒரு கட்டளைத் தொடர் வேண்டும். அந்தத் தொடரை எடுத்துவருவது யார்? 1975இல் வந்த ஆல்டேர் 8800 பொறியில் மனிதரே முன்பலகை விசைகளை மேலும் கீழும் தள்ளி முதற்கட்டளைகளை ஊட்டினார். பின்னர் அவற்றை அழியாத சில்லு ஒன்றில் எழுதி வைத்தனர். தனிக் கணிப்பொறிகளில் அதற்கு 'பயாஸ்' என்று பெயர்.

1983 மார்ச்சில் 10 மெகாபைட் வன்தட்டுடன் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. வந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 ஒரு முறையை வகுத்தது. தட்டின் முதல் பகுதியில் உள்ள 512 பைட்டுகளைப் பயாஸ் படிக்கும். அதில் 446 பைட்டுகள் அடுத்த கட்டத்தை எழுப்பும் கட்டளைகள். 64 பைட்டுகள் தட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணை. கடைசி 2 பைட்டுகள் முத்திரை. பல ஆண்டுகள் உலகின் பெரும்பாலான தனிக் கணிப்பொறிகள் இவ்வழியேதான் விழித்தன.

இப்போது திரையில் கண்ட வரிக்குத் திரும்புவோம். 'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று எழுதுவது அந்த 446 பைட்டுகளே. ஆகவே பயாஸ் தட்டைக் கண்டுவிட்டது, தட்டு சுழல்கிறது, தலை படிக்கிறது. அட்டவணை சுட்டிய இடத்தில் சரியான முத்திரை இல்லை, அவ்வளவே. செத்துப்போன தட்டு இப்படிப் பேசாது!

வாசலை அடைத்தவர்கள்

இந்தச் சிறு வாசலைத் தீயவர்களும் கண்டுகொண்டனர். 1990இல் இந்தியாவில் 'ஜோஷி' என்ற நச்சு நிரல் கண்டறியப்பட்டது. நெகிழ்தட்டுகள் வழியே பரவி, வன்தட்டின் முதற்பகுதியில் அது குடியேறும். ஜனவரி 5ஆம் நாள் பொறியை நிறுத்தி, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்யச் சொல்லும். செய்தால் வழி விடும்.

1999 ஏப்ரல் 26 அன்று தாக்கிய சி.ஐ.எச். விளையாட்டு அல்ல. அது தட்டின் தொடக்கத்தில் 1 மெகாபைட் அளவை மேலெழுதி அழித்தது. எல்லாம் போயிற்று என்று பலர் கலங்கினர். உண்மையில் போனது வாசலும் அட்டவணையும்தான். பின்னால் இருந்த கோப்புகளில் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே இருந்தது. பொறுமையாகத் தேடியவர்கள் பலவற்றை மீட்டனர். பதற்றத்தில் தட்டைப் புதிதாக வடிவமைத்து, மேலே வேறு கோப்புகளை எழுதியவர்கள் மீட்கக்கூடியதையும் இழந்தனர்.

நோய் அறியும் வரிசை

மதுரையை அடுத்த பரவையில் காய்கறி மண்டி ஒன்றின் கணக்கறையை எண்ணிப் பாருங்கள். வெயில், தூசி, இடையிடையே மின்தடை. இருபது ஆண்டுக் கணக்கு ஒரே தட்டில். அது எழ மறுத்தால் என்ன செய்வது?

முதலில் காதைத் தீட்டுங்கள். தட்டு சீராகச் சுழலும் ஓசை கேட்கிறதா? 'டக், டக்' என்று தலை தட்டுமானால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு முயற்சியும் காந்தப் பூச்சைச் சுரண்டக்கூடும். உறையைத் திறக்கவே கூடாது. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைவிடத் தூசி பெரியது.

ஓசை சரியாக இருந்தால், வெளியே செருகிய தட்டு ஏதும் வழி மறிக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இணைப்புக் கம்பிகளையும் தாய்ப்பலகையின் சிறு மின்கலத்தையும் பாருங்கள். மிகப் பழைய பொறிகளில் மின்கலம் தீர்ந்தால், தட்டின் அளவு விவரங்களையே பொறி மறந்துவிடும். நோய் தட்டில் இல்லை!

இவை எல்லாம் சரியாக இருந்தும் எழவில்லை என்றால், பழுதுநீக்கும் கட்டளை எதையும் தட்டில் ஓடவிடாதீர்கள். அதைக் கழற்றி வேறு கணிப்பொறியில் இணைத்து, தொடக்கம் முதல் இறுதி வரை நகல் எடுங்கள். இதற்கென்றே உள்ள 'டிடிரெஸ்கியூ' போன்ற மென்பொருள்கள் எளிதில் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு வரும். சிகிச்சை எல்லாம் நகலுக்கே; மூலத்துக்கு ஓய்வு.

மீண்டும் ஒரு பூட்டு

தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. கோப்பு மீண்டாலும் திறந்து பார்த்தால் புரியாத குறிகளாக இருக்கலாம். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக 'டாம்', 'டாப்' என்னும் தரங்கள் வந்தன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்னுருவில் சேர்த்தது. அதுவும் 'டிஸ்கி'யிலிருந்து யூனிகோடுக்கு மாற வேண்டியிருந்தது. எனவே பழைய தட்டிலிருந்து கோப்புகளை எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். எழுத்துரு தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றுவது எளிது.

உங்கள் வீட்டுப் பரணிலோ, அச்சகத்திலோ, பள்ளி அலுவலகத்திலோ பழைய கணிப்பொறி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். அதில் ஒருவரின் ஆய்வேடு இருக்கலாம். ஊர்த் திருவிழா மலரின் மூலப்படி இருக்கலாம். 'எழவில்லை' என்ற ஒரே காரணத்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எழுகின்ற தட்டு உங்களிடம் இருந்தாலோ, இன்றே அதற்கு ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.