தன்னைத் தானே அளக்கும் பொறி: கணனியின் நினைவகமும் முறைவழியாக்கியும் கண்காணிக்கப்பட்ட வரலாறு

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செய்நிரல், தான் எவ்வளவு நினைவகத்தைப் பிடித்துள்ளது, முறைவழியாக்கியின் நேரத்தில் எத்துணைப் பங்கினை நுகர்ந்துள்ளது என்பவற்றைத் தன்னைத் தாங்கிநிற்கும் பணிசெயல் முறைமையிடமே கேட்டறிதல் இன்று மிகச் சாதாரண காரியமாகிவிட்டது. இரண்டு மூன்று வரிகளில் எழுதிவிடத்தக்க அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடை ஓர் எண்ணாகும். அவ்வெண்ணை எண்ணியவர் யார், எப்பொழுது எண்ணினார், எதனை எண்ணாது விட்டார் என்பனவே ஆராய்தற்குரியன. எண்ணுவதும் எண்ணப்படுவதும் ஒரே பொறிக்குள் ஒரே முறைவழியாக்கியைப் பகிர்ந்து வாழ வேண்டியிருத்தல் இவ்வளவைக்கே உரிய சிக்கல். ஒற்றை முறைவழியாக்கி கொண்ட பொறியில், அளக்கும் செய்நிரல் ஓடும் கணத்தில் அளக்கப்படும் செய்நிரல் ஓடாது நிற்கின்றது.

தொடக்ககாலப் பொறிகளில் இச்சிக்கல் எழவில்லை. 1948ஆம் ஆண்டு ஜூன் 21ஆந் திகதி மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஒரு செய்நிரலை ஓட்டிய சிறு பரிசோதனைப் பொறியின் நினைவகம், ஒவ்வொன்றும் 32 பிற்று நீளமான 32 சொற்களை மாத்திரமே கொண்டது. எதிர்மின்கதிர்க் குழாயில் தேக்கிவைக்கப்பட்ட அப்பிற்றுகள், அருகே இணைக்கப்பட்ட மற்றொரு குழாயின் முகத்தில் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றின. நினைவகத்தைக் கண்காணித்தல் என்பது அங்கு சொல்லின் நேர்ப்பொருளிலேயே கண்ணாற் காணுதலாக இருந்தது. ஒரு வேளையில் ஒரு செய்நிரலே ஓடிய காலத்தில் 'யாருடைய பங்கு எவ்வளவு' என்ற வினாவுக்கு இடமில்லை.

அவ்வினாவைப் பிறப்பித்தது நேரப்பகிர்வு முறையாகும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் 1961 நவம்பரில் ஐபிஎம் 709 பொறியில் செய்துகாட்டிய நேரப்பகிர்வு முறைமை, பல பயனாளர்களை ஒரே பொறியில் ஒருங்கே அமர்த்தியது. பொறியின் விலையோ மிகப் பெரிது, பயனாளர்களோ பலர். எனவே ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்று பங்கீடு செய்யவும், செலவானதைக் கணக்கெழுதவும் வேண்டியதாயிற்று. அம்முறைமை ஒவ்வொரு கட்டளையும் முடிந்தவுடன் பயனாளரின் தட்டச்சில் ஒரு சிறு வரியை அச்சிட்டது. அதில் இரண்டு எண்கள், இடையே ஒரு கூட்டற் குறி: முன்னது கணிப்புக்குச் செலவான செக்கன்கள், பின்னது அச்செய்நிரலை நினைவகத்துக்குள் ஏற்றி இறக்கச் செலவான செக்கன்கள். அளவை பிறந்த இடம் ஆய்வுகூடம் என்பதைவிடக் கணக்குப்பிள்ளையின் மேசை என்றே கூறலாம். ஆயினும் அவ்வரி ஓர் ஆழ்ந்த உண்மையைத் தன்னுள் கொண்டிருந்தது. நினைவகத்தின் நெருக்கடி முறைவழியாக்கியின் நேரமாகவே வந்து விடிகின்றது என்பதை அந்தக் கூட்டற் குறி உணர்த்திற்று.

ஏறத்தாழ இதே வேளையில் மான்செஸ்ரரில் ரொம் கில்பேர்னின் தலைமையில் உருவான அற்லஸ் பொறி 1962 டிசம்பரில் தொடக்கி வைக்கப்பட்டது. அதன் விரைவான நினைவகம் 16,384 சொற்களே கொண்டது. மெதுவான காந்த உருளை 98,304 சொற்களைக் கொண்டது. இவ்விரண்டையும் செய்நிரலாளருக்கு ஒரே நினைவகமாகத் தோற்றச் செய்ததே அற்லஸின் அருஞ்செயல். 512 சொற்கள் கொண்ட பக்கங்களாக நினைவகம் பகுக்கப்பட்டது. வேண்டிய பக்கத்தை உருளையிலிருந்து கொணரும்போது எதனை வெளியேற்றுவது என்று துணிதற்கு, ஒவ்வொரு பக்கத்துக்கும் 'பயன்பட்டது' எனக் காட்டும் ஒரு பிற்று அமைக்கப்பட்டது. 1,024 கட்டளைகளுக்கு ஒருமுறை அப்பிற்றுகள் வாசிக்கப்பட்டன. அவற்றைக்கொண்டு ஒரு 'கற்கும் செய்நிரல்' பக்கங்களின் பழக்கத்தை ஊகித்தது. தன் நினைவகம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதைப் பொறி தானே நோக்கித் தானே முடிவுசெய்த முதல் நிகழ்ச்சிகளுள் இதனை வைத்தல் தகும்.

பக்கமுறை பரவியபின் ஓர் எதிர்பாராத நோய் தலைகாட்டியது. செய்நிரல்களைச் சேர்க்கச் சேர்க்க முறைவழியாக்கியின் பயன்பாடு உயரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஓர் எல்லைவரை அவ்வாறே உயர்ந்தது. எல்லையைக் கடந்ததும் சரிந்து வீழ்ந்தது. இதனைப் பீற்றர் டெனிங் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட இரு கட்டுரைகள் தெளிவாக்கின. ஒரு செய்நிரல் அண்மையில் ஒரு குறித்த கால இடைவெளிக்குள் தொட்ட பக்கங்களின் கூட்டத்தை அவர் அதன் வேலைத்தொகுதி என வரையறுத்தார். எல்லாச் செய்நிரல்களின் வேலைத்தொகுதிகளும் ஒருங்கே நினைவகத்தில் அடங்காதவிடத்து, ஒன்றுக்காகக் கொணரப்படும் பக்கம் மற்றொன்றுக்கு உடனே தேவைப்படவுள்ள பக்கத்தை வெளியேற்றுகின்றது. வெளியேற்றப்பட்டது மறுகணமே திரும்பக் கேட்கப்படுகின்றது. நூலகத்தின் ஒரு சிறு மேசையில் நால்வர் அமர்ந்து, இடமின்மையால் ஒருவர் தம் நூலை விரிப்பதற்கு மற்றவர் நூலை அலுமாரிக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தால், நடப்பது போக்குவரத்தேயன்றிப் படிப்பன்று. இந்நிலையினை அலைக்கழிவு எனலாம்.

இதன்கண் அளவை பற்றிய படிப்பினை ஒன்று அடங்கியிருந்தது. அலைக்கழிவில் அகப்பட்ட பொறியின் முறைவழியாக்கி, பக்கங்களை எதிர்பார்த்துச் சும்மா இருக்கின்றது. முறைவழியாக்கியின் பயன்பாட்டை மட்டும் நோக்கும் மேற்பார்வைச் செய்நிரல், 'இங்கு இடம் இருக்கின்றது' என்று கருதி மேலும் ஒரு செய்நிரலை உள்ளே விடுமாயின் நிலைமை இன்னும் கெடும். பயன்பாடு மீண்டும் வீழும். மேற்பார்வையாளர் மீண்டும் ஒன்றை விடுவார். எண் பொய் சொல்லவில்லை. அதனை வாசித்த முறைதான் பிழைத்தது. இரண்டு அளவைகளையும் ஒருங்கே வைத்து நோக்காதவிடத்து ஒன்று மற்றொன்றைத் திரித்துக் காட்டும் என்பது 1968இலேயே நிறுவப்பட்டும், இன்றுவரை அதே தவறு திரும்பத் திரும்பச் செய்யப்பட்டு வருவது வியப்புக்குரியது.

அளவையை முறைமையின் உறுப்பாகவே கட்டியெழுப்பிய பெருமை மல்ரிக்ஸுக்கு உரியது. ஜெரோம் சோல்சரும் ஜோன் ஜின்ரெலும் 1970இல் வெளியிட்ட கட்டுரை அதன் அளவைக் கருவிகளை விவரிக்கின்றது. செய்நிரல் எதுவும் வாசிக்கத்தக்க, மைக்குரோசெக்கன் நுண்மையுடைய கடிகாரம் ஒன்று; நினைவக அணுகல்களை எண்ணும் எண்ணி ஒன்று; இவற்றோடு, வெளியிலுள்ள வேறொரு சிறு கணனி மல்ரிக்ஸின் நினைவகத்தை உள்ளீட்டு வழியூடாக எட்டிப்பார்த்துத் திரையில் வரைந்து காட்டும் ஏற்பாடு ஒன்று. இறுதியானது எண்ணுவதையும் எண்ணப்படுவதையும் வேறுவேறு பொறிகளில் வைத்து மேற்கூறிய சிக்கலைப் பெரிதும் தவிர்த்தது. செல்வச் செழிப்புள்ள தீர்வு, எல்லோருக்கும் வாய்க்கக்கூடியதன்று.

மல்ரிக்ஸிலிருந்து விலகிய பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ், வறுமையின் குழந்தை. அங்கு ஓடும் முறைவழிகளைப் பட்டியலிட்ட 'பீஎஸ்' என்னும் செய்நிரல் கையாண்ட வழி, இன்று நோக்குவோர்க்குத் துணிகரமானதாகத் தோன்றும். அது யாரிடமும் எதனையும் கேட்கவில்லை. பணிசெயல் முறைமையின் கருவுக்குரிய நினைவகத்தையே ஒரு கோப்பாகத் திறந்தது. கருவின் பெயர்ப்பட்டியலைப் பார்த்து, முறைவழி அட்டவணை எந்த முகவரியில் உள்ளது எனக் கண்டது. அங்குள்ள பிற்றுகளை நேரே அள்ளியெடுத்துத் தானே பொருள் கொண்டது. கரு புதுப்பிக்கப்பட்டுப் பெயர்ப்பட்டியல் பழையதாக இருந்தாலோ வெறும் பிதற்றலே வெளிவந்தது. வாசித்துக்கொண்டிருக்கையிலேயே அட்டவணை மாறிவிடுவதும் உண்டு. எல்லாவற்றினும் கேடானது, கருவின் நினைவகத்தை வாசிக்கவல்ல செய்நிரல், பிறர் தட்டச்சுச் செய்யும் கடவுச்சொல்லையும் வாசிக்கவல்லது என்பதாகும். ஓர் எண்ணை அறிவதற்காக வீட்டின் எல்லாத் திறப்புகளையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

இதற்கான மாற்றுவழிகள் இரண்டு திசைகளில் வந்தன. 1983இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில், ஒரு செய்நிரல் தன் சொந்தச் செலவையும் தன் பிள்ளை முறைவழிகளின் செலவையும் கருவிடம் முறைப்படி வினவும் அழைப்பு இடம்பெற்றது. மறுதிசையில், ரொம் கிலியன் 1984ஆம் ஆண்டு கோடைகால யூஸ்னிக்ஸ் மாநாட்டில், ஒவ்வொரு முறைவழியையும் ஒரு கோப்பாகக் காட்டும் கருத்தை முன்வைத்தார். வட்டில் இல்லாத கோப்பு அது. வாசிக்கும் கணத்தில் கரு விடையை எழுதித் தருகின்றது. பெல் ஆய்வுகூடத்தின் பிளான் 9 முறைமை அவ்விடையை மனிதர் வாசிக்கத்தக்க எழுத்தாகவே தந்தது. லினக்ஸ் 1992இலிருந்து இவ்வழியைப் பின்பற்றியதால், இன்று நினைவகத்தின் நிலையை அறிய விரும்பும் செய்நிரல் ஒரு கோப்பைத் திறந்து வரிகளை வாசித்தால் போதும்.

எனினும் விடையைப் பெறும் வழி செம்மையுற்றமையால் விடையும் செம்மையுற்றது எனக் கொள்ளலாகாது. முறைவழியாக்கியின் 'பயன்பாடு' என்னும் விழுக்காடு கருவினுள் எங்கும் ஆயத்தமாக இருப்பதில்லை. அங்குள்ளது தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே செல்லும் ஓர் எண்ணி மாத்திரமே. கேட்கும் செய்நிரல் இருமுறை வாசித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, இடைப்பட்ட காலத்தால் வகுத்தல் வேண்டும். வில்லியம் லெபெவர் 1984இல் எழுதிய 'ரொப்' போன்றவை அவ்வாறே செய்கின்றன; லினக்ஸின் 'பீஎஸ்' செய்நிரலோ பிறந்த கணத்திலிருந்து இன்றுவரையான சராசரியைத் தருகின்றது. ஒரே முறைவழிக்கு இரண்டும் வெவ்வேறு எண்களைக் காட்டுவதைக் கண்டு மயங்கியோர் பலர்.

எண்ணியே எவ்வாறு கூடுகின்றது என்பது அடுத்த வினா. மரபு வழியில், செக்கனுக்குக் குறித்த முறை துடிக்கும் கடிகாரம் ஒன்று கருவைத் தட்டியெழுப்பும். அக்கணத்தில் எந்த முறைவழி ஓடிக்கொண்டிருந்ததோ அதன் கணக்கில் முழுத் துடிப்பும் எழுதப்படும். சராசரியில் இது நீதியானது, தனிநிலையில் அவ்வாறன்று. துடிப்புக்குச் சற்றுமுன் உறங்கி, துடிப்பு முடிந்ததும் எழுகின்ற ஒரு செய்நிரல் கணக்கில் அகப்படாமலே முறைவழியாக்கியின் பெரும்பங்கை விழுங்கலாம். டான் ற்சாப்ரிர், யோவ் எற்சியோன், ட்ரோர் பைற்றெல்சன் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் இதனைப் பல முறைமைகளில் செய்தே காட்டினர். சிறப்புரிமை எதுவுமற்ற சாதாரணப் பயனாளரின் செய்நிரல் பொறியை ஏகபோகமாக்க, கண்காணிப்புக் கருவிகள் அதனை ஓய்ந்திருப்பதாக அறிவித்தன. அதே ஆண்டு ஒக்ரோபரில் வெளியான லினக்ஸ் 2.6.23, நேரத்தைப் பங்கிடுவதில் துடிப்பைக் கைவிட்டு நனோசெக்கன் கணக்கைக் கைக்கொண்டது.

சுமைச் சராசரி என்னும் அளவையின் கதை வேறு. 1973ஆம் ஆண்டளவில் ரெனெக்ஸ் முறைமையில் வழங்கிய இவ்வளவை, முறைவழியாக்கிக்காகக் காத்துநின்ற வேலைகளை எண்ணி, 1, 5, 15 நிமிடங்களுக்கெனத் தணித்துக் காட்டியது. லினக்ஸில் 1993இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் செய்த ஒரு திருத்தம், வட்டுக்காகக் குறுக்கிடவியலா உறக்கத்தில் கிடக்கும் வேலைகளையும் அதிற் சேர்த்தது. அவர் கருதியதற்கு நியாயம் உண்டு. மெதுவான வட்டினால் பொறி திணறும்போது சுமை குறைந்ததாகக் காட்டுவது முறையன்று. ஆனால் அன்றிலிருந்து ஒரே பெயருடைய எண் லினக்ஸில் ஒரு பொருளையும் ஏனைய யூனிக்ஸ் முறைமைகளில் வேறொரு பொருளையும் தரலாயிற்று.

நினைவகத்தின் கணக்கு இதனினும் சிக்கலானது. ஒரே நூலகக் கோப்பின் பக்கங்களை நூறு முறைவழிகள் பகிர்ந்துகொண்டால், ஒவ்வொன்றின் கணக்கிலும் அப்பக்கங்கள் முழுமையாகவே எழுதப்படும்; எல்லாவற்றையும் கூட்டினால் பொறியில் உள்ளதனைவிட அதிக நினைவகம் செலவாயிருக்கும். 2008இல் லினக்ஸில் சேர்க்கப்பட்ட விகிதசம அளவை, பகிரப்படும் ஒவ்வொரு பக்கத்தையும் பகிர்வோர் தொகையால் வகுத்து எழுதுகின்றது. நீதியான கணக்கு, ஆயின் எழுதுவதற்குச் செலவு கூடியது. இனி, 'வெற்றிடம்' என்பதும் ஏமாற்றும் சொல். நன்கு இயங்கும் முறைமை, வெறுமையாய்க் கிடக்கும் நினைவகத்தைக் கோப்புகளின் படிகளால் நிரப்பிவைக்கும், வேண்டும்போது விட்டுக்கொடுக்கும். வெற்றிடம் குறைந்தது கண்டு அஞ்சிய செய்நிரல்களுக்காகவே 2014இல் லினக்ஸ் 3.14 'கிடைக்கத்தக்கது' என்னும் மதிப்பீட்டைத் தனி வரியாக வெளியிட்டது.

இவ்வெண்களைப் பிழைபடக் கொண்டதால் விளைந்த சேதத்துக்குத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தது. கூகிளில் போல் மெனாஜ், ரோஹித் சேத் ஆகியோர் 2006இல் தொடங்கிய கட்டுப்பாட்டுக் குழு முறை, 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24இல் வெளிவந்தது. ஒரு தொகுதி முறைவழிகளுக்கு இவ்வளவே நினைவகம், இவ்வளவே முறைவழியாக்கி என்று வேலியிட அது வழிவகுத்தது. வேலிக்குள் இருந்த செய்நிரலோ பழைய கோப்பையே திறந்து வாசித்தது. அக்கோப்பு வேலியை அறியாது, முழுப் பொறியின் நினைவகத்தையும் காட்டிற்று. பொறியின் நினைவகத்தில் நாலிலொன்றைத் தன் உச்ச எல்லையாக வகுத்துக்கொள்ளும் இயல்புடைய ஜாவா, 64 கிகாபைற்றுப் பொறியில் 2 கிகாபைற்று வேலிக்குள் இருந்துகொண்டே 16 கிகாபைற்றுக்கு உரிமை கொண்டாடியது. வேலியைத் தொட்ட கணத்தில் கரு அதனைக் கொன்றது. அதன் பதிவேட்டில் பிழைச்செய்தி எதுவும் இராது. ஏனெனில் செய்நிரலின் கணக்குப்படி எந்த எல்லையும் மீறப்படவில்லை. 2018 மார்ச்சில் வெளியான ஜாவா 10 வேலியைக் கேட்டறியக் கற்றுக்கொண்டது.

அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.20இல், பேஸ்புக்கைச் சேர்ந்த ஜொஹானஸ் வைனரின் முயற்சியால் 'அழுத்தம்' என்னும் புதிய அளவை சேர்ந்தது. எவ்வளவு பயன்பட்டது என அது கூறுவதில்லை; நினைவகத்துக்காகவோ முறைவழியாக்கிக்காகவோ காத்திருந்து எத்தனை விழுக்காட்டு நேரம் வீணாயிற்று என்றே கூறுகின்றது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் டெனிங் சுட்டிய நோயை நேரே அளக்கும் எண் இது எனலாம். இதனை வாசித்து, கரு தலையிடுமுன்னரே தகாத முறைவழியை நிறுத்தும் காவற் செய்நிரல்களும் எழுந்துள்ளன. ஆனால் நெருக்கடி முற்றும் வேளையில் காவற் செய்நிரலின் பக்கங்களே வெளியேற்றப்பட்டு, விழிக்க வேண்டிய கணத்தில் அதுவும் ஏனையவற்றோடு காத்துக்கிடக்க நேரலாம். ஆகவே இவ்வகையினதும் வெற்றிடத்தின் எண்களையே நோக்குவதுமான 'ஏர்லிஊம்' என்னும் செய்நிரல், தொடங்கியவுடன் தன் சொந்தப் பக்கங்கள் அனைத்தையும் நினைவகத்திற் பூட்டிவிட்டே காவலைத் தொடங்குகின்றது.