பெல்ட் மாட்டுகிறவர்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் டிரையர் நின்றுவிட்டது. நியூஜெர்சியில் ஜனவரி என்றால் துணியைக் கொடியில் போடுகிற பேச்சுக்கே இடமில்லை. பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமுகிறது, டிரம் மட்டும் அசையவில்லை. கையை விட்டுச் சுற்றினால் எந்தப் பிடிப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றுகிறது. பெல்ட் அறுந்துவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் தூக்கி, முன்பலகையைக் கழற்றினேன். அடியில் பஞ்சுக்குப்பைக்கு நடுவே செத்த பாம்பு மாதிரி கிடந்தது. விரலகலம்கூட இல்லாத கறுப்பு ரப்பர். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் நீளவாக்கில் வரிகள். புதியதை வரிகள் உள்பக்கம் பார்க்கும்படி டிரம்மைச் சுற்றிப் போட்டு, மோட்டாரின் குட்டிப் புல்லியிலும், ஸ்பிரிங் வைத்து இறுக்கம் கொடுக்கிற இன்னொரு சக்கரத்திலும் வளைத்து மாட்ட வேண்டும். நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு மேல் ஓடுகிற மோட்டாரை, 50 சுற்று அளவுக்குக் குறைத்து டிரம்முக்குக் கொடுக்கிறது இந்த ரப்பர் நாடா. பல்சக்கரம் எதுவும் கிடையாது. டிரம்மேதான் பெரிய புல்லி. நாற்பது நிமிஷ வேலை. கடைசியில் ஸ்பிரிங் சக்கரம் கை நழுவி, நடுவிரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டியது.

அன்றைக்கு ராத்திரி வீடியோ காலில் பழைய பெல்ட்டை அப்பாவிடம் தூக்கிக் காட்டினேன். பாபநாசம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துவிட்டார்.

"இதையா பெல்ட்டுங்கறே? நம்ம மில்லு பெல்ட்டை நீ பாத்ததில்லையே தம்பி."

பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே தாத்தாவின் மில் மூடியாகிவிட்டது. கேட்டது மட்டும்தான். ஒரே ஒரு ஆயில் இன்ஜின். அதிலிருந்து சுவர் ஓட்டை வழியாக ஒரு பெரிய பெல்ட் உள்ளே வந்து, உத்தரத்துக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புத் தண்டைச் சுற்றும். லைன் ஷாஃப்ட். அதிலிருந்து ஹல்லருக்கு ஒன்று, சல்லடைக்கு ஒன்று, நெல் தூக்கிக்கு ஒன்று என்று பெல்ட்டுகள் இறங்கும். எதிர்த்திசையில் சுற்ற வேண்டிய மிஷினுக்கு பெல்ட்டை எட்டு வடிவில் முறுக்கிப் போட்டால் போதும். பெல்ட் தளர்ந்தால் வெட்டிக் குறைத்து, இரும்புக் கிளிப் வைத்து ஒட்டுப்போடுவார்கள். ஒட்டு புல்லியைத் தாண்டும்போதெல்லாம் ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தின் வேகத்தை வைத்தே இன்ஜின் திணறுகிறதா என்று தாத்தா வாசலிலிருந்து சொல்லிவிடுவாராம்.

அந்த ஹல்லருக்கு ஒரு கதை உண்டு. 1885 வாக்கில் பிரேசிலில் எவரிஸ்டோ கான்ராடோ எங்கல்பெர்க் என்ற பொறியாளர் காப்பிக்கொட்டைத் தோலை நீக்க ஒரு மிஷின் செய்தார். இரும்புப் பெட்டிக்குள் வரிகள் வெட்டிய உருளை, பக்கத்தில் ஒரு கத்தி. அவ்வளவுதான். 1888இல் அதைச் செய்து விற்க நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸ் நகரில் கம்பெனி தொடங்கியது. காப்பிக்காக வந்தது நெல்லைப் பிடித்துக்கொண்டது. உமியையும் தவிட்டையும் ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடும், குருணையும் நிறைய விழும். ஆனால் நம் டெல்டாவில் புழுங்கல். அவித்துக் காயவைத்த அரிசி இறுகிப்போவதால் அவ்வளவாக நொறுங்காது. எங்கல்பெர்க் பெயர் தெரியாமலேயே நம்மூர்க்காரர்கள் மூன்று தலைமுறை அவருடைய மிஷினில் அரைத்தார்கள்.

சிராக்யூஸ் என் வீட்டிலிருந்து நாலு மணி நேரக் கார்ப் பயணம். அதைப் பற்றித் தேடும்போதுதான் இன்னொரு பெயர் தட்டுப்பட்டது. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயம் படித்து, பிறகு அமெரிக்கா வந்து 1928இல் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய ஜே.சி. குமரப்பா. அந்த ஊரிலிருந்து கொலம்பியா போய்ப் பொருளாதாரம் படித்தார். ஊர் திரும்பி காந்தியிடம் போனார். 1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவில் தொடங்கியபோது அதை நடத்தும் பொறுப்பு அவருடையது. சங்கம் எதிர்த்த முதல் விஷயங்களில் ஒன்று, அரிசி மில். சத்துள்ள தவிடு போகிறது, உலக்கை பிடித்துக் கூலி வாங்கிய பெண்களின் பிழைப்பும் போகிறது என்பது குமரப்பாவின் வாதம். சிராக்யூஸ் மிஷினுக்கு எதிராக சிராக்யூஸில் படித்த தஞ்சாவூர்க்காரர். இந்தத் தற்செயலை நான் கொஞ்சம் அதிகமாகவே ரசிக்கிறேன் என்று தெரிகிறது.

அவர் வாதம் காற்றில் போய்விடவில்லை. 1958இல் வந்த அரிசி அரவைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டப்படி புது மில் வைக்க அனுமதி வேண்டும். கைக்குத்தல் அரிசிக்காரர்களைக் காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. 1997இல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தாத்தா அந்த லைசென்ஸுக்கு அலைந்த கதையை அப்பா வீரகாவியம் மாதிரி சொல்வார். எங்கள் அப்பாயி அதே கதையை வேறு மாதிரி சொல்லும்: "மிஷினு வந்தப்பறந்தான் எங்க தோள்பட்டை நேரானுது." மில் வந்ததும் வேலை போன குத்துக்காரிகளின் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததே இல்லை. மில் முதலாளி வீட்டு அம்மா அப்பாயி. தோள்பட்டை நேரானதும் நிஜம்தான்.

சரி, பெல்ட்டுக்கு வருகிறேன். இன்ஜினியரிங்கில் எங்களுக்கு ஒரு சூத்திரம் உண்டு, ஆய்லர் பெயரில். பெல்ட் புல்லியை எவ்வளவு கோணம் சுற்றிப் பிடிக்கிறதோ, இரண்டு பக்க இழுவிசைகளின் விகிதம் அதற்கேற்ப அடுக்கடுக்காகப் பெருகும். மாட்டுக் கயிற்றை முளைக்குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சின்னப் பையன்கூட மாட்டை நிறுத்திவிடலாம் இல்லையா, அதே கணக்கு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். சட்டைக் கை மாட்டினாலும் இதே கணக்குத்தான் என்று வாத்தியார் சொல்லவில்லை.

1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. பெல்ட்டைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக எழுதிய சட்டத்தை நான் பார்த்ததில்லை. 22ஆம் பிரிவு: ஓடுகிற மிஷினில் பெல்ட் மாட்டுவதற்குத் தனிப் பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளி வேண்டும். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். உடம்போடு ஒட்டிய உடை வேண்டும், அதை முதலாளி தர வேண்டும். பெல்ட்டின் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. ஒட்டு துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. கால் ஊன்ற உறுதியான இடம் வேண்டும். 24ஆம் பிரிவு இன்னும் மேலே போனது: பெல்ட்டைச் சுழலும் புல்லியிலிருந்து வெற்றுப் புல்லிக்குத் தள்ள ஒரு நெம்புகோல் ஏற்பாடே இருக்க வேண்டும் என்றது. மில்லில் அந்த வேலையைச் செய்தது ஒரு மூங்கில் கழி.

ஏன் ஓடும்போதே மாட்டினார்கள்? இன்ஜினை நிறுத்தினால் திரும்பக் கிளப்ப இரண்டு ஆள் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். சம்பா அறுவடை முடிந்த தை மாசியில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். ஒரு ஹல்லருக்காக எல்லாவற்றையும் நிறுத்த யாருக்கும் மனசு வராது. பெல்ட்டின் ஒரு ஓரத்தைப் புல்லியில் ஏற்றிவிட்டால் மீதியை அதுவே இழுத்துக்கொள்ளும். புல்லியின் நடு கொஞ்சம் மேடாக இருப்பதால் பெல்ட் தானே நடுவுக்கு ஏறிவிடும். அழகான தந்திரம். 1971 தை மாசத்தில் எங்கள் மில்லில் பெல்ட் மாட்டுகிறவரின் வலது கையையும் அது அப்படித்தான் இழுத்துக்கொண்டது. மூன்று விரல்கள். அப்பாவுக்கு அப்போது பதினாலு வயசு, வாசலில் இருந்தார். ‘டப்’ சத்தம் தாளம் தவறியதாம்.

அந்த லைன் ஷாஃப்ட் காலம் அதற்குள் முடிய ஆரம்பித்திருந்தது. 1960களின் நடுவில் ஆடுதுறையிலிருந்து ஏடிடி 27 வந்தது. குறுகிய கால நெல், குறுவைக்கு ஏற்றது. ஆனால் அறுவடை மழையில் மாட்டும், களத்தில் காயவைக்க வெயில் இருக்காது. ஈர நெல்லைக் காப்பாற்ற இயந்திர உலர்த்திகள் தேவைப்பட்டன. திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967இல் தொடங்கிய சிறிய ஆய்வகம்தான் வளர்ந்து நெல் பதன ஆராய்ச்சி மையமாகி, தஞ்சாவூருக்கு இடம் மாறி, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் நிற்கிறது. ஆக, தஞ்சாவூரிலும் டிரையர் உண்டு, துணிக்கு இல்லை, நெல்லுக்கு. புது ஆலைகளில் மிஷினுக்கு ஒரு மோட்டார், பள்ளத்தில் உட்காரும் வி-பெல்ட், மேலே கம்பி வலை. பெல்ட் மாட்ட ஆளே வேண்டாம்.

சட்டத்தைப் படித்த மறுநாள் அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"அந்த பெல்ட் எவ்வளவு அகலம்ப்பா?"

"ஆறு அங்குலம்... இல்ல, எட்டு இருக்கும்."

ஆறு அங்குலம்தான் பதினைந்து சென்டிமீட்டர்.

"சட்டப்படி பதிவேடு ஏதாவது வச்சிருந்தாரா தாத்தா?"

"அதுக்குப் பத்து ஆளு இருக்கணுமாம். பத்துக்குக் கீழ இருந்தா ஃபேக்டரி ஆவாதுன்னு கணக்குப்பிள்ளை சொல்லுவாரு. ஒம்பது பேருக்கு மேல தாத்தா எழுதினதே இல்ல."

"வேலைக்கு வந்தது எத்தனை பேரு?"

அப்பா ஃபோனை வேறு கைக்கு மாற்றினார். பின்னால் திண்ணைத் தூணும் தெருவிளக்கும் ஒருமுறை ஆடின.

"சீசன்ல பதினஞ்சு பேரு வருவாங்க."

"அவரு என்ன போட்டிருந்தாரு அன்னிக்கு?"

"வேட்டிதான். பனி நேரமில்ல, மேல உங்க தாத்தாவோட பழைய சட்டை ஒண்ணு. தொளதொளன்னு இருக்கும் அவருக்கு. தாத்தாதான் குடுத்தாரு."