எட்டு மூட்டை பர்மிட்

இன்றைக்குத் திண்டிவனத்தில் கடைக்கு ஒரு போன் போட்டால் சிமெண்ட் வாசலில் வந்து இறங்கிவிடுகிறது. இரண்டு மூட்டை குறைந்தால் இன்னொரு போன், அவ்வளவுதான். 1982க்கு முன் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள், மூட்டைக் கணக்கு என்றால் என்ன என்று சொல்வார்கள்.

அப்போது சிமெண்டின் விலையும் விநியோகமும் அரசின் கையில் இருந்தன. மனு எழுதி, எஸ்டிமேட் இணைத்து, பர்மிட்டுக்குக் காத்திருக்க வேண்டும். நம் பகுதி அன்று தென்னாற்காடு மாவட்டம்.

1980இல் எங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தளம் போட வேண்டியிருந்தது. 12க்கு 15 அடி, கனம் நாலரை அங்குலம். மேஸ்திரி சுவரிலேயே கரித்துண்டால் கணக்குப் போட்டார். அறுபத்தேழரை கன அடி. ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி என்று கலந்தால் நூறு கன அடிக்கு 18 மூட்டை. ஆக, 12 மூட்டைக்குச் சற்று மேல்.

அந்த 18 எப்படி வந்தது என்று பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். மணல் ஜல்லியின் இடுக்கிலும், சிமெண்ட் மணலின் இடுக்கிலும் போய் அடைந்துகொள்ளும். அதனால் நூறு கன அடி கான்கிரீட்டுக்கு உலர்ந்த சரக்கு சுமார் 154 கன அடி வேண்டும். அதில் ஏழில் ஒரு பங்கு, 22 கன அடி, சிமெண்ட். 50 கிலோ மூட்டை ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. வகுத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மேஸ்திரிகளும் இதை மனதிலேயே வைத்திருந்தார்கள்!

எங்களுக்குக் கிடைத்த பர்மிட் எட்டு மூட்டைக்கு. கறுப்புச் சந்தையில் வாங்க அப்பாவுக்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. மீதி வரட்டும் என்று இருக்கவும் முடியாது. சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறும்; சணல் சாக்கில் சிமெண்ட் மூன்று மாதம் கிடந்தால் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பார்கள். எட்டு மூட்டைக்குக் கூடத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் மூடியது. மீதியை அடுத்த பர்மிட் வந்த பிறகு போட்டோம்.

பம்பாயில் சிமெண்ட் ஒதுக்கீட்டு விவகாரத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து, 1982 ஜனவரியில் மகாராஷ்டிர முதல்வர் அந்துலே பதவி விலகினார். மறுமாதம் 28ஆம் தேதி மத்திய அரசு கட்டுப்பாட்டைப் பாதி தளர்த்தியது. பழைய ஆலைகள் மூன்றில் இரண்டு பங்கை லெவியாகக் கொடுத்துவிட்டு மீதியை வெளிச்சந்தையில் விற்கலாம் என்றார்கள். கட்டுப்பாடு முழுக்க நீங்கியது 1989 மார்ச் 1இல்.

மேஸ்திரியின் 18ம் இன்று செல்லாது. 2000ஆம் ஆண்டு திருத்திய இந்தியத் தர விதிப்படி கம்பி கட்டிய கான்கிரீட் குறைந்தது எம்20 ஆக இருக்க வேண்டும்; அதாவது ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று. அதே கூடத்துக்கு இப்போது பதினைந்தரை மூட்டை, சிந்துவதற்கு ஒன்று கூட்டிக்கொள்ளலாம்.

எங்கள் கூடத்தின் உட்கூரையில் பழையதும் புதியதும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு இருக்கிறது. எத்தனை முறை பூசியாயிற்று. ஐப்பசி மழைக்கு அது இன்னும் ஈரம் காட்டுகிறது.